கேற்றில் நின்று கோப்பை வென்றவர்

மெற்றில்டா முதன்முதலாகப் பஸ்தியாம்பிள்ளை என்ற பெயரைக் கேட்டது அறுபத்தொன்பதாம் ஆண்டு, ஊரில், பேசாலையில், சின்னம்மாவின் வாயால். சின்னம்மாவின் புருசனுக்குத் தமையன் முறையான ஒருவரின் மூன்றாவது மகன், நிறம் கொஞ்சம் மட்டு, குடி இல்லை, இத்தனைக்கும் மேலே சின்னம்மா அழுத்திச் சொன்ன குணம் ஒன்று: "பெடியன் வாய் திறக்கமாட்டான்." அந்த ஒரு குணத்துக்காகத்தான் மெற்றில்டா தலையாட்டினாள். இருபத்திரண்டு வருஷம் சின்னம்மா சொன்னது உண்மையாகவே இருந்தது. பிறகு லண்டன் மொனார்க்ஸ் கோப்பை வென்றது.

இந்த வகை மனிதரை நீங்கள் அறிவீர்கள். ஒரே ஒரு சீசன் மனிதர் என்று இவரைச் சொல்லலாம். உலகத்தில் எங்கேயோ யாரோ விழுந்தெழும்பி, பல்லுடைந்து, முழங்கால் பெயர்ந்து ஒரு வெற்றி பெறுவார்கள். இவர் அதற்குப் பக்கத்தில் எங்காவது நின்றிருப்பார். வென்றவர்கள் குளித்து, உடுப்பு மாற்றி, அதை மறந்து வேறு வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆன பிறகும் இவர் மட்டும் அந்த மைதானத்தை விட்டு வெளியே வரமாட்டார். பள்ளிக்கூடம் ஓட்டத்தில் வென்ற நாளில் தண்ணீர் வாளி தூக்கினவர் இந்த வகை. கோயில் கோபுரத்துக்கு ஒரு சனிக்கிழமை மணல் பறித்தவர் இந்த வகை. இவர்களுடைய அடையாளம் ஒரே ஒரு சொல். "நாங்கள்."

லண்டனுக்குக் குடிவந்த பஸ்தியாம்பிள்ளைக்குக் கிழமை நாளில் பிஸ்கற் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெம்பிளி மைதானத்தில் கேற் வேலை. டிக்கெட்டை வாங்கிக் கிழித்துவிட்டுக் காலால் ஒரு கட்டையை மிதித்தால் இரும்புக் கதவு சுழன்று ஓர் ஆளை உள்ளே விடும். அந்தக் கட்டையை மிதிப்பதுதான் உத்தியோகம். தொண்ணூற்றியொன்றில் அமெரிக்கர்களின் கால்பந்து லண்டனுக்கும் மொனார்க்ஸ் என்ற ஒரு குழுவோடு வந்தது. தலையில் சட்டிமாதிரி ஒரு தொப்பி, தோளில் தலையணைமாதிரி ஒரு கவசம், கையில் முட்டைமாதிரி ஒரு பந்து. நாலு தரத்துக்குள் பத்து யார் தூரம் முன்னேறவேண்டும், இல்லாவிட்டால் பந்தை மற்றவனிடம் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அந்த வருஷம் மொனார்க்ஸ் பத்து லீக் ஆட்டத்தில் ஒன்பதை வென்றது. இறுதி ஆட்டத்தில், சொந்த மைதானத்திலேயே, பார்சலோனாக்காரரை இருபத்தொன்றுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தது.

"நாங்கள் வெண்டனாங்கள்" என்றுதான் பஸ்தியாம்பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னார். மெற்றில்டா அதை ஒருநாள் சந்தோஷம் என்று நினைத்தாள்.

அன்று தொடக்கம் அந்த வீட்டில் கிறிஸ்து பிறப்பதற்கு முன், பின் என்பது போய், சீசனுக்கு முன், பின் என்று ஆனது. ஃபிரிட்ஜ் வாங்கியது சீசனுக்கு முன். மூத்தவனுக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டியது சீசனுக்குள், நாலாவது ஆட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். நீலத் தொப்பி ஒன்று திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஏறியது. வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியோடு சீசனும் வரும். ரோல்ஸ் ஐந்தை வரிசையாக வைப்பார், அது தடுப்புக்காரர். எதிரே கட்லட் ஐந்து, அது பார்சலோனா. பந்துக்கு ஒரு பேரீச்சம்பழம். வந்தவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். தடுப்பில் நிற்கிற ரோல்ஸை எடுத்துக் கடிக்க யாருக்கு மனம் வரும்?

தோற்ற அந்த ஒரு ஆட்டமா? அதுவும் இதே பார்சலோனாவுக்கு, கடைசி லீக் ஆட்டத்தில், மூன்று புள்ளியால். "அது நாங்கள் விட்டுக்குடுத்தது" என்பார். "வந்த பிள்ளையள் வெறுங்கையோடை போகக்கூடாதெண்டு." அடுத்த வருஷம் மொனார்க்ஸ் அடிமேல் அடி வாங்கியதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. அந்த வருஷம் அவரை வேறு கேற்றுக்கு மாற்றிவிட்டார்களாம்.

ஆனால் மெற்றில்டாவுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அறுபதினாயிரம் சனம் வந்த அந்த இறுதி ஆட்டத்தில் பிந்தி வந்தவர்களே ஆயிரக்கணக்கு. அவர்கள் எல்லாரையும் மிதித்து உள்ளே விட்டு, கேற்றைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் பஸ்தியாம்பிள்ளை படியேறும்போது முதல் பாதி முடிந்துவிட்டது. இருபத்தொரு புள்ளியும் அந்த முதல் பாதியில்தான். அதை அவர் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று இரைச்சலாகக் கேட்டார். அவர் கண்ணால் கண்டது இரண்டாம் பாதி. இரண்டாம் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு புள்ளி இல்லை. மற்றதெல்லாம் அடுத்த நாள் பேப்பரில் மகளைக்கொண்டு வாசிப்பித்துத் தெரிந்துகொண்டது. இதை அவர் ஒரேயொரு தடவை, காய்ச்சலில் படுத்திருந்தபோது, மெற்றில்டாவிடம் சொன்னார். அவள் யாருக்கும் சொல்லவில்லை. புருசனிடம் இருப்பதே ஒரு கோப்பை. அதையும் பறிப்பானேன்?

இப்படியே போயிருக்கும். மகள் அஞ்சலீனாவுக்கு இருபத்துநாலு வயது வந்து சம்பந்தம் பேசத் தொடங்கியபோதுதான் சிக்கல். முதல் சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாவது ஆட்டம் வரும்போது நித்திரையாகிவிட்டார். இரண்டாவதில் மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்குப் போய், பிள்ளை நல்ல பிள்ளை, தகப்பனுக்குத்தான் ஏதோ குறை இருக்குது என்று சொன்னதாகச் சுற்றிச் சுற்றிக் காதில் விழுந்தது. மூன்றாவது சம்பந்தம் இல்ஃபோர்டிலிருந்து வந்தது. தொண்ணூற்றியாறு, ஒக்டோபர் மாதம். அஞ்சலீனா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளைப் பெடியனின் படத்தை மேசையில் வைக்காமல் தன்னுடைய கைப்பைக்குள் வைத்திருந்தாள். மெற்றில்டாவுக்கு அது போதும்.

"இஞ்சை பாருங்கோ" என்றாள் புருசனிடம். "அவையள் போகும்வரைக்கும் சீசன் எண்ட சொல்லு உங்கடை வாயிலை வரக்கூடாது. பிள்ளையின்ரை தலையிலை அடிச்சுச் சொல்லுங்கோ."

சொன்னார். ரோல்ஸையும் குவியலாகவே வைக்கச் சம்மதித்தார்.

மாப்பிள்ளையின் தகப்பன் றெஜினோல்ட்டும் தாய் கத்தரினும் வந்து இருந்தார்கள். யார் எந்தக் கோயில் பங்கு, யாருக்கு யார் ஞானத்தாய் என்று மெற்றில்டா அவிழ்க்கத் தொடங்கினாள். அரை மணித்தியாலத்தில் கத்தரினின் மாமியாருக்கும் தன்னுடைய சின்னம்மாவுக்கும் ஒரு முடிச்சுக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டாள். பஸ்தியாம்பிள்ளை சின்னம்மா வர்ணித்த பெடியன்போல வாய் திறக்காமல் இருந்தார். எல்லாம் பொருந்தி வந்த நேரத்தில் றெஜினோல்ட் சுவரைப் பார்த்தார்.

"மொனார்க்ஸ் தொப்பியெல்லே அது?"

"தொப்பிதான்" என்றார் பஸ்தியாம்பிள்ளை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பைனலுக்கு நான் போனனான்" என்றார் றெஜினோல்ட். மெற்றில்டாவுக்கு விளங்கிவிட்டது. இவரும் அந்த வகை. "என்ன ஆட்டம் அண்ணை அது. கடைசிப் பத்து நிமிசம் மறக்கேலாது. எங்கடை ஒருத்தன் பந்தைப் பிடிச்சுக்கொண்டு அந்தத் தொங்கலிலை இருந்து இந்தத் தொங்கல்வரைக்கும் ஓடிப் பந்தைக் கோட்டுக்கு அங்காலை வெச்சான் பாருங்கோ. அதிலைதான் கோப்பை வெண்டனாங்கள். நாங்கள் எல்லாரும் கதிரையிலை ஏறி நிண்டனாங்கள்."

பஸ்தியாம்பிள்ளையின் கை ரோல்ஸ் குவியலை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அவர் மகளைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் உண்மையாகவே, தன்னுடைய கண்ணால் பார்த்தது அந்த ஒரு பாதிதான்; அதில் யாரும் ஓடவில்லை, யாரும் வைக்கவில்லை. அந்த வெறும் பாதியை இந்த மனிதர் அவருக்கு முன்னாலேயே எடுத்து நிரப்பிவிட்டார்.

"ஓம்" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "ஓடினவன்தான்."

பெரிய தியாகம்தான். மெற்றில்டா பெருமூச்சு விட்டிருக்கவேண்டும். புருசன் வாக்கைக் காப்பாற்றிவிட்டார், மகள் தப்பினாள், அடுத்தது கேக் வெட்டுவது. ஆனால் ஐந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் கேட்டது எங்கே போகும்? அவள் வாயே அவளைக் கேளாமல் திறந்தது.

"ரெண்டாம் பாதியிலை ஒரு புள்ளியும் இல்லையே" என்றாள் மெற்றில்டா. "இருபத்தொண்டும் முதல் பாதியிலையெல்லோ நாங்கள் எடுத்தனாங்கள்." பிறகும் நிறுத்தவில்லை. "இவருக்குத் தெரியும். இவர் கேற்றிலை நிண்டதாலை ரெண்டாம் பாதி மட்டுந்தான் பார்த்தவர்."

ஒரே வாயில் இரண்டு ஆண்பிள்ளைகள் விழுந்தார்கள். பஸ்தியாம்பிள்ளை தரையைப் பார்த்தார். கத்தரின் மெதுவாகக் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினாள்.

"என்ரை தங்கச்சியின்ரை மகளுக்குக் கோயிலிலை முதல்முதலாப் புதுநன்மை குடுத்த நாள் அது. மட்ச் எண்டு சொல்லிப்போட்டுத்தானே வராமல் நிண்டனீங்கள். அப்ப அண்டைக்கு எங்கை போனனீங்கள்?"

றெஜினோல்ட் தொப்பியைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை. "பார்க்கிங் ரவுணிலை" என்றார். "பாலேந்திரா வீட்டிலை. முந்நூற்றிநாலு விளையாடினனாங்கள்."

சீட்டாட்டம். கேக்கை யாரும் வெட்டவில்லை. அவர்கள் போன பிறகு அஞ்சலீனா கைப்பையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மெற்றில்டா ரோல்ஸ் முழுவதையும் குப்பையில் கொட்டினாள். பஸ்தியாம்பிள்ளை தொப்பியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார்.

பதினாறு நாள் ரெலிபோன் அடிக்கவில்லை. பதினேழாம் நாள் கத்தரின் அழைத்தாள். வீட்டில் ஒரு வழக்கு முடிந்த களைப்புக் குரலில் இருந்தது. "என்ரை மனுசன்ரை பொய்யை இவ்வளவு காலத்துக்கு ஆரும் பிடிச்சதில்லை, அக்கா. உங்கடை மகள் உங்களை மாதிரி எண்டால், என்ரை மகனுக்கு அப்பிடி ஒராள்தான் வேணும்." கலியாணம் அடுத்த ஈஸ்டர் கழிந்து நடந்தது.

நீங்கள் இதை வாசித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசியாக 'நாங்கள் வென்றோம்' என்று நீங்கள் சொன்னது எப்போது? அன்றைக்கு நீங்கள் எந்தக் கேற்றில் நின்றீர்கள், எந்த வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தீர்கள்? மெதுவாகக் கேட்கிறேன், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவேண்டாம். மெற்றில்டாவும் இப்போதெல்லாம் 'நாங்கள்' என்றுதான் சொல்கிறாள். ஒரு கட்டையைக்கூட மிதிக்காதவள்.

பஸ்தியாம்பிள்ளை இப்போது இல்ஃபோர்டில், சம்பந்தி வீட்டு முன்னறையில் இருக்கிறார். ரோல்ஸை அவர் அடுக்குகிறார், கட்லட்டை றெஜினோல்ட் அடுக்குகிறார். இன்னும் முதல் பாதி முடியவில்லை.