தொண்ணூறு நாள் தீர்ந்துபோன அப்பா

ஷ்கோடர், அல்பேனியா
ஆகஸ்ட் 21

அன்புத் தம்பி டிரெவருக்கு,

அண்ணன் மெர்வின் எழுதுவது. இங்கே உடம்பு நன்றாக இருக்கிறது; மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் க்ளெனிஸும் வாலரூவில் சௌக்கியம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது, மழை பெய்ததா? நீ போனை எடுப்பதே இல்லை என்பதால் மின்னஞ்சலில் அனுப்புகிறேன், க்ளெனிஸ் தாளில் எடுத்துத் தருவாள். உட்கார்ந்து படி.

வாலரூ துறைமுகத்தில் முப்பத்துநாலு வருஷம் கோதுமை லாரிகளை எடை போட்டவன் நான். ஒரு கிலோ தப்பியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஏழு மாத ஐரோப்பியப் பயணம் போட ஏஜெண்டு எதற்கு என்று நானே சமையலறை மேசையில் காலண்டரை விரித்தேன். விதி எளிது. ஷெங்கன் என்று சேர்ந்து தங்களுக்குள் எல்லையைத் திறந்துவிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கு ஆஸ்திரேலியர்களான நமக்கு விசா வேண்டாம். ஆனால் எந்த நூற்றெண்பது நாளை எடுத்தாலும் தொண்ணூறு நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. மே 20 பாரிஸில் இறங்கி, பிரான்ஸ், இத்தாலி என்று இரண்டு மாதம். பிறகு ஷெங்கனுக்கு வெளியே குரோவேஷியாவில் ஏழு வாரம். மிச்சம் பிடித்த இருபத்தெட்டு நாளோடு லிஸ்பன் போய், செப்டம்பர் 14 நம் பெண் டெஸ்ஸாவுக்கும் அந்த டுவார்ட்டே பையனுக்கும் கல்யாணம். இதில் ஒரே ஒரு பிசகு. குரோவேஷியா வெளியே இல்லை. மாதாகோயில் பழைய பொருள் விற்பனையில் நான் வாங்கிய வழிகாட்டிப் புத்தகம் 2016-இல் அச்சானது. அவர்கள் உள்ளே சேர்ந்தது 2023-இல்.

உன் அண்ணி நோரீன் குரோவேஷியாவில் கப்பலை விட்டு இறங்கியதுமே கேட்டாள், “ஏன் மெர்வ், பாஸ்போர்ட்ல யாருமே முத்திரை குத்தலையே?”

“சின்ன ஊரு, ஆள் பத்தாது,” என்றேன்.

அடுத்த வாரம், “இங்கயும் யூரோதான் வாங்குறாங்க, கவனிச்சீங்களா?” என்றாள். உல்லாசப் பயணிகளுக்காகச் செய்கிற மரியாதை என்று விளக்கினேன், டிரெவர். விளக்கவே செய்தேன்.

ஆகஸ்ட் 15 காலையில் விடுதிக்கார அம்மா இவ்காவிடம் என் திட்டத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா காபிக் குவளையை அப்படியே கீழே வைத்துவிட்டு, “ஐயா, நாங்க உள்ள சேந்து வருஷக்கணக்காச்சே!” என்றார். விரல்விட்டு எண்ணினேன், காலண்டரில் எண்ணினேன், நோரீனை எண்ணச் சொன்னேன். மூன்றிலும் எண்பத்தெட்டு. நோரீன் அவள் அப்பா வழியில் அயர்லாந்து பாஸ்போர்ட் வைத்திருக்கிறாள், அவளுக்கு எண்ணிக்கையே கிடையாது. பூ, உடை வேலையெல்லாம் பார்க்க லிஸ்பனுக்குப் பறந்துவிட்டாள். நான் மட்டும் ஷெங்கனில் சேராத இந்த அல்பேனியாவுக்குப் பஸ் ஏறினேன். எல்லையில் இருந்த அதிகாரி கணினியைப் பார்த்து, “சரியா தொண்ணூறு! இவ்வளவு கச்சிதமா யாரும் வந்ததில்ல ஐயா,” என்று பாராட்டிவிட்டு, “நவம்பர் பதினாறுக்கு முன்னாடி திரும்பிடாதீங்க,” என்றார்.

ஒரு நாளைக்கு மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரட்டுமா என்று நோரீனிடம் கேட்டேன். “கல்யாண போட்டோவுல உங்க பக்கத்துல போலீஸ்காரர் நிக்கணுமா?” என்றாள். டெஸ்ஸா போனில் முதலில் சிரித்தாள். “ஏம்ப்பா, லட்சம் லாரி எண்ணுனீங்க, தொண்ணூறு எண்ண வரலையா?” என்றாள்.  அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அதனால் தம்பி, உன்னைத்தான் கேட்கிறேன். உன் பாஸ்போர்ட்டில் பாலித் தீவு முத்திரை ஒன்றுதான், தொண்ணூறு நாளும் அப்படியே இருக்கிறது. நீ லிஸ்பன் போய் என் இடத்தில் நின்று அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போ. சாம்பல் கோட்டைப் போட்டுக்கொள். மெதுவாக நட, அவளுக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு பழக்கமில்லை. வாசலில் நின்று அவள் பயந்து உன்னைப் பார்ப்பாள். சின்ன வயதில் பல் பிடுங்கப் போனபோதும் அப்படித்தான் பார்த்தாள். அப்போது ஒன்றும் பேசாதே, கையை மட்டும் கொஞ்சம் அழுத்து, போதும்.

க்ளெனிஸுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவரையும், உன் முழங்காலையும் காப்பாராக.

உன் அண்ணன்,
மெர்வின் பாஸ்கோ

பி.கு.: இதை அனுப்பப் போகிற நேரத்தில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் டெஸ்ஸா, தோளில் பையோடு. பின்னால் டுவார்ட்டே, அவன் அம்மா, நோரீன். “உங்க நாளைத்தானே எண்ணுறாங்க? எங்க நாளை யாரும் எண்ணலையே. ரிஜிஸ்டர் கையெழுத்த லிஸ்பன்ல போட்டுக்கறோம், கல்யாணத்த இங்க வச்சுக்கலாம்ப்பா,” என்றாள். ஏரிக்கரை உணவகத்தைப் பேசி முடித்தாகிவிட்டது. டுவார்ட்டேயின் உறவினர் நாற்பது பேர் இங்கே வருகிறார்கள். ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. கிளம்பி நேரே ஷ்கோடருக்கு வா, என்ன கோட்டு வேண்டுமானாலும் போட்டுக்கொள். அவள் கையை மட்டும் தொட்டுவிடாதே.