வீட்டிலிருந்த கருவியை வெளியே தேடியது

ஏதாவது தேவைப்பட்டால் நான் முதலில் கடைக்குப் போகிறவன். வீட்டில் தேடுவது அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் ஐந்து கத்தரிக்கோல்கள் இருப்பதற்கு இந்தக் குணமே காரணம். (ஆறாவது ஒன்றும் உண்டு, எங்கே என்றுதான் தெரியவில்லை.) கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்தவனுக்கு இது அழகல்ல என்று என் மனைவி தெரேஸ் சொல்வதுண்டு.

தெரேஸ் பிரெஞ்சு ஆசிரியை. ஓய்வுபெற்றபின் கணினி கற்றுக்கொண்டு, முத்தியால்பேட்டையில் உள்ள சொல்தா விதவைகளுக்காக ஓர் இணையப் பக்கம் நடத்தினாள். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர்களின் மனைவியர், தாங்கள் உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் சான்று அனுப்ப வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். எந்த நாள், எந்த இடம், என்னென்ன தாள்கள் என்பதையெல்லாம் அவள் தமிழில் எழுதிவைப்பாள்.

சென்ற ஆண்டு அந்த நாள் ஒரு வாரம் முன்னதாக வந்துவிட்டது. தெரேஸ் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் பழைய தேதியே இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த விதவைகளில் ஒருவரான ரொசாலி அம்மாள் மூன்று பெண்மணிகளுடன் வீட்டுக்கு வந்தார்.

“தப்பு தேதியப் பாத்துட்டு எல்லாரும் ஒக்காந்துருந்தா போச்சு, முசே.”

“பத்து நிமிஷம் இருங்க” என்றேன். (பிரெஞ்சு மரியாதைப்படி அவர்களுக்கு நான் முசே, தெரேஸ் மதாம்.)

தெரேஸின் குறிப்பேட்டில் வழிமுறை தெளிவாக இருந்தது: அந்த ஃபோல்டருக்குள் போ, தேதியைத் திருத்து, npx tisse என்று தட்டு, பிறகு இணையத்தில் ஏற்று. அவள் எழுதுவதில் மிகையான சொற்களை வெட்டுவது என் நெடுநாள் பழக்கம். tisse என்பது பக்கத்தை உருவாக்கும் கருவி என்று விளங்கியது. npx எதற்கென்று விளங்கவில்லை. விளங்காததை மிகை என்று தீர்மானித்து வெட்டினேன்.

தேதியைத் திருத்தி, tisse என்று மட்டும் தட்டினேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது கணினி. ஆகவே கருவியே இல்லை என்று முடிவுசெய்தேன். (தர்க்கவியல்.) புத்தம்புதிய tisse ஒன்றை இறக்கி, கணினி முழுமைக்கும் பொதுவாக நிறுவி, மறுபடி தட்டினேன். பிழை ஏதும் வரவில்லை. பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் ஏற்றிவிட்டு, காபி போட எழுந்தேன்.

ரொசாலி அம்மாள் தம் கைப்பேசியை நீட்டினார்.

“வெள்ளையா இருக்கு, முசே.”

“கொஞ்ச நேரம் ஆகும்.”

“பழைய தேதியாவது இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல.”

“மதாம் இருந்தா காபி ஆறறதுக்குள்ள முடிச்சிருப்பாங்க” என்றார் இன்னொருவர். மறுக்க இயலாத கூற்று.

சென்னையில் மென்பொருள் வேலையிலிருக்கும் மகள் கிளாராவை அழைத்தேன். ஒலிபெருக்கியில் வைத்தது என் அடுத்த பிழை.

“npx-அ ஏன்பா எடுத்தீங்க?”

“தேவையில்லன்னு நெனச்சேன்.”

“அதுதான்பா அம்மா வச்ச எடத்துல போய்த் தேடும். நீங்க எறக்குனது புது வெர்ஷன். அம்மா எழுதி வச்சது அதுக்குப் புரியாது. அந்த ஃபோல்டர்ல node_modules இருக்கா? அதுக்குள்ள .bin?”

“இல்லையே.”

“புள்ளி வச்ச பேரு, சும்மா பாத்தா தெரியாது. ls node_modules/.bin-னு தட்டுங்க.”

தட்டினேன். பெயர்கள் வரிசையாக வந்தன. கடைசிக்கு முந்தையது tisse.

“இருக்கு” என்றேன்.

“வீட்டுக்குள்ள பாக்காம கடைக்குப் போயிட்டீங்க” என்றாள் கிளாரா.

நான்கு பெண்மணிகளும் சிரித்தார்கள். அந்த வாக்கியம் தெரேஸுடையது. அதில் வெட்டுவதற்கு ஒரு சொல்லும் இல்லை.

npx சேர்த்துத் தட்டி, மீண்டும் ஏற்றினேன். புதிய தேதியுடன் பக்கம் வந்தது. ரொசாலி அம்மாள் வரிவரியாகப் படித்து, கடைசி வரியில் நின்றார். ‘சந்தேகம் இருந்தால் தெரேஸை அழைக்கவும்’ என்று அவள் எண் இருந்தது.

“இத எடுக்கலியா, முசே?”

“வேணாம்.”

ஆகவே தெரேஸின் கைப்பேசிக்கு நாள்தோறும் சார்ஜ் போடுகிறேன். அழைப்புகளை நான் எடுக்கிறேன். போன வாரம் அதில் அழைத்த ரொசாலி அம்மாளிடம், மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை, புதிது வாங்கக் கிளம்புகிறேன், பிறகு பேசுகிறேன் என்றேன்.

“வீட்டுக்குள்ள பாத்தீங்களா, முசே?”

பார்த்தேன். தெரேஸ் போனபின் நான் திறக்காத அவள் மேசை இழுப்பறையையும் திறந்தேன். ஆறாவது கத்தரிக்கோல் இருந்தது. கண்ணாடி இல்லை. மற்ற இழுப்பறைகளையும் பார்க்க வேண்டும்.