அடுப்படியைப் பார்த்த ஜன்னல்

மனிதன் உயிர் வாழக் காற்று வேண்டும் என்பதை நியூயார்க் நகர நிர்வாகம் தீர ஆலோசித்து, சட்டமாக்கி, அச்சடித்து, எங்கள் கட்டடத்து வாசலில் ஒட்டியது. அதுவரைக்கும் நாங்கள் அனுமதி இல்லாமல்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்து மாடி, மாடிக்கு நாலு குடும்பம். எல்லாரும் சிசிலித் தீவுக்காரர்கள். பாதிப்பேர் ஒரே ஊர். நான் நாலாவது மாடியில் ரொசோலினோ வீட்டில் ஒண்டியிருந்தேன். அவன் கொத்தனார். அவன் கைபட்ட ஒரே ஒரு பெரிய கட்டடத்தில் மட்டும் நானூறு ஜன்னல். அவன் படுக்கிற அறையில் ஒன்றுகூடக் கிடையாது. அவனும் மனைவி நூன்சியாவும் மூன்று வயது மகள் வீத்தாவும் அந்த இருட்டறையில் படுப்பார்கள். நான் அடுப்படியில் நாலு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் படுப்பேன்.

வீத்தாவுக்கு விடாத இருமல். தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டில் ஒரே ஒரு மருந்துதான் எழுதினார்: "காற்று." அது எந்தக் கடையிலும் விற்கவில்லை.

வாசலில் ஒட்டிய தாளை, கட்டடத்துக்காரரின் ஏஜெண்டு பாரிசி எங்களுக்குப் படித்துக் காட்டினார். வெளிப்புறம் நோக்கிய ஜன்னல் இல்லாத அறையில் மனிதர் வசிப்பது இதனால் தடை செய்யப்படுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஜன்னல் வைக்கப்படாவிட்டால் மேற்படி அறைவாசிகள் வெளியேற்றப்படுவார்கள்.

"வெளியேத்தி எங்கே அனுப்புவாங்க?" என்று கேட்டாள் நூன்சியா.

"தெருவுக்குத்தாம்மா. அங்கே காத்து ஏராளமா இருக்கு."

வெளிச்சுவரை உடைத்தால் கட்டடத்தின் அழகு போய்விடும் என்று கட்டடத்துக்காரர் விசனப்பட்டாராம். அந்த அழகை அவர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. வியாழக்கிழமை தச்சர்கள் வந்தார்கள். படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த சுவரை அறுத்து, சட்டம் வைத்து, இரண்டு கதவு மாட்டி, பச்சை வர்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். இருபது வீட்டிலும் அப்படியே.

வெள்ளிக்கிழமை நகர நிர்வாகத்து விட்காம்ப் துரை ஆய்வுக்கு வந்தார். நியாயமான மனிதர், சட்டத்துக்கு ஒரு அங்குலம் கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். ஜன்னலை நாடா வைத்து அளந்தார். திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவர் பேசிய இங்கிலீஷைப் பாரிசி எங்கள் பாஷையில் சொன்னார், நாங்கள் பேசியதை அவருக்குச் சொன்னார்.

"துரை, இது வெளியே பாக்கலியே. என் அடுப்பைத்தானே பாக்குது?" என்றான் ரொசோலினோ.

"உமது அடுப்பு படுக்கையறைக்குள் இருக்கிறதா?"

"இல்லீங்க."

"படுக்கையறைக்கு வெளியே இருக்கிறது. ஆகவே அது வெளிப்புறம்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்போ அடுப்படியில படுக்கிற நான், வெட்டவெளியிலயா படுக்கிறேன் துரை?"

அவர் நாடாவைச் சுருட்டினார். "சட்டப்படி ஆம். பொதுவெளியில் உறங்குவது குற்றம். ஆனால் நான் இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டு, என் நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். இரக்கமுள்ளவர்.

கடைசியாக ஜன்னலில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தார். அந்தப் பக்கம் நூன்சியா கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். சுடர் ஆடியது. "காற்றோட்டம்: திருப்திகரம்" என்று எழுதிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் பிடித்தது பைத்தியம். இரண்டாம் மாடி கொஞ்செத்தா தன் ஜன்னலுக்குச் சரிகைப் பின்னல் திரைச்சீலை மாட்டினாள். ஒரு வாரத்தில் இருபது வீட்டிலும் திரைச்சீலை தொங்கியது. சாயங்காலமானால் பெண்கள் ஜன்னல்கட்டையில் முழங்கையை ஊன்றி, தங்கள் தங்கள் அடுப்படியை வேடிக்கை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டோக்காரன் வந்தான். ஜன்னல் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பாதவன் மனிதனே இல்லை என்று ஆகிவிட்டது.

நானும் நாவிதரிடம் கோட்டு இரவல் வாங்கி நின்றேன். ஊரிலிருந்த அண்ணன் காலோஜெரோவுக்குப் எழுதத் தெரிந்தவரைப் பிடித்துப் படத்தோடு கடிதமும் எழுதச் சொன்னேன்: "நான் இருக்கிற இடத்தில் ஜன்னல் மட்டும் நாலு." பொய்யில்லை. அந்த மாடியில் இருந்த நாலு வீட்டையும் சேர்த்து எண்ணினேன், அவ்வளவுதான்.

வீத்தாவுக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. முன்னே இருட்டில் இருமினாள். இப்போது வெங்காயப் புகையில் இருமினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொசோலினோ யாரிடமும் கேட்கவில்லை. சுத்தியலும் உளியும் எடுத்துப் படுக்கையறையின் வெளிச்சுவரை உடைத்தான். இரண்டு சாண் ஓட்டை. காற்று வந்தது. ஆற்று நாற்றமும் குதிரைச் சாணி வாடையுமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. பிள்ளை அன்றைக்குப் பகலெல்லாம் இருமாமல் தூங்கினாள். கட்டடமே வரிசையில் வந்து ஓட்டையில் முகத்தை வைத்துப் பார்த்தது.

"நல்ல காத்துதான்" என்றாள் கொஞ்செத்தா. "ஆனா இதுல திரைச்சீலையை எங்கே மாட்டுவே?"

திங்கட்கிழமை பாரிசி துரையைக் கூட்டிவந்தார். துரை பதிவேட்டைப் பார்த்தார். "இந்த அறைக்கு ஜன்னல் உள்ளது. ஆகவே இது ஜன்னல் அல்ல. சேதம்."

"காத்து இதுலதான் துரை வருது! அந்தப் பச்சைக் கதவு ஜன்னலே இல்லே. நீங்க இங்க இருக்கிறவங்களையே கேளுங்க!" என்றான் ரொசோலினோ.

துரை எல்லாரையும் மாடிப்படியில் கூட்டினார். "உங்கள் வீடுகளில் உள்ளது ஜன்னல் இல்லை என்று சொல்கிறவர் எவரேனும் உண்டா?"

இருபது குடும்பம் நின்றது. இருபதும் ஊருக்குப் படம் அனுப்பிய குடும்பம். எல்லாரும் குனிந்து படிக்கட்டைப் பார்த்தார்கள். ரொசோலினோ என்னைப் பார்த்தான். அவன் சோற்றைத் தின்று அவன் அடுப்படியில் படுக்கிறவன் நான்.

"அருமையான ஜன்னல், துரை. எங்க ஊர் பாதிரியார் வீட்டுக்குக்கூட இப்படிக் கிடையாது" என்றேன்.

அன்று மாலைக்குள் தொழில் தெரிந்த ஆளைக் கொண்டு ஓட்டையை அடைக்க உத்தரவாயிற்று. கட்டடத்தில் தொழில் தெரிந்த ஆள் ரொசோலினோதான். நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீத்தாவின் தலையணை மட்டத்தில் ஒரே ஒரு அரைச் செங்கல்லை மட்டும் சாந்து வைக்காமல் சொருகினான். நான் கண்டும் காணாமல் இருந்தேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. பிள்ளை தானே அந்தக் கல்லை உருவவும் சொருகவும் பழகிக்கொண்டாள். இருமல் மெல்ல மெல்லத் தணிந்தது.

மூன்று மாதம் கழித்து, கோவேறு கழுதையை விற்றுக் கப்பலேறி அண்ணன் வந்து சேர்ந்தான். மூட்டையைக்கூட இறக்கவில்லை.

"நாலு ஜன்னல் எங்கேடா?"

காட்டினேன். படுக்கையறைக்குள் போய், திரைச்சீலையை விலக்கி, தலையை வெளியே நீட்டினான். அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த நூன்சியா, "வாங்கண்ணே, பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றாள். நீட்டின தலையை அவன் வெகுநேரம் உள்ளே இழுக்கவில்லை. அடி விழும் என்று நான் தயாராக நின்றேன். அவன் தலையை இழுத்துக்கொண்டு மூட்டையை இறக்கினான். ராத்திரிக்கு இன்னும் நாலு நாற்காலி வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை போட்டோக்காரன் வந்தான். அண்ணன் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டு, "அந்தக் கோட்டை எங்கேடா வாங்கினே?" என்று கேட்டான்.

கோட்டோடு பச்சை ஜன்னல் பக்கத்தில் போய் நின்றான். வீத்தாவுக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய்த் தன் செங்கல்லை உருவிப் போட்டாள். "மாமா, இங்க வந்து நில்லு. இதுலதான் காத்து வருது!"

"போடி பைத்தியம்," என்றான் அண்ணன், கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டே. "படத்துல காத்து தெரியவா போகுது?"

படம் ரொம்ப நன்றாக வந்தது. அதைப் பார்த்து எங்கள் மாமன் மக்கள் மூன்று பேர் கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களாம்.