வேலிக்கடைக்காரன் திறந்துவிட்ட வழி

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

நம் கூட்டு நிலத்து வேலியை யானைகள் மூன்றாம் முறையாகப் பிடுங்கிப் போட்டுவிட்டன. மற்றபடி இங்கே வந்திருக்கும் என் தங்கை உட்பட எல்லோரும் நலம். உங்கள் முதுகுவலியின் நலம் அறிய ஆவல்.

முதலில் போட்டது கம்பி வேலி. புத்தி கெட்டுப்போய் அதில், "யானையும் தாண்டாது, எங்கள் கடை வேலி" என்று பலகை வேறு மாட்டினேன். மறுநாள் கம்பம் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். அடுத்து மின்வேலி; ஒரு கிழட்டுப் பெண்யானை காய்ந்த மரத்தைக் கம்பிமேல் சாய்த்து, குட்டிகளை வரிசையாகக் கூட்டிப் போனது. மூன்றாவதாகப் பழைய தண்டவாளத் துண்டுகளை வேலியாக நட்டு, இரும்புக் கேட்டும் போட்டேன். ஆர்டர் கொடுக்க வந்த தோட்டக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில் அதே கிழவி கேட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். "வேலி வேண்டாம் முதலாளி, அந்தம்மாவை வேலைக்கு அனுப்புங்க" என்றார் அவர். பிறகு வனத்துறையிலிருந்து யானைக் கணக்கெடுக்கும் பெண் வந்தாள். "ரெண்டு காட்டுக்கும் நடுவுல மிச்சமிருக்கற வழி உங்க நிலம் ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் அடைச்சிட்டாங்க." யார் அடைத்தது என்றேன். "எல்லாம் உங்க கடை வேலிதான்."

அங்கே விடுதி கட்ட உங்களுக்கு ஆசை. ஆனால் நான் கம்பிச் சுருளைத் தலையில் சுமந்து விற்று மேலே வந்தவன்; லாப நஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தீனி. நடுவில் விடுதி கட்டினால், வந்து தங்குகிறவனையும் அந்தக் கிழவி கட்டிலோடு தூக்கி ஓரமாக வைப்பாள். அந்த நிலம் வழியாகவே இருக்கட்டும். நீங்கள் கோபித்தாலும், நம் வீட்டு விசேஷங்களுக்கு வராமல் போனாலும் முடிவு மாறாது. இத்துடன் உள்ள பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்.

முதுகைப் பார்த்துக்கொள்ளவும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: இதைப் படித்த தங்கை, "பாதி நிலம் என் பேர்ல இருக்கு. அவர்கிட்ட எதுக்குண்ணா இவ்வளவு கெஞ்சல்?" என்று கேட்டுவிட்டுத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆகவே பத்திரம் இதில் இல்லை, தேட வேண்டாம். நானும் அவளும் பேசி முடித்தது இதுதான்: தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு அங்கே வேலி இல்லை, விளக்கு இல்லை, கட்டடம் இல்லை. பதிலுக்கு என் கடை மாடியில் அந்த வழியைப் பார்த்து ஒரு ஜன்னல், அவளுக்கு ஒரு நாற்காலி. நீங்கள் சிரித்த முகமாக வந்தால் இன்னொரு நாற்காலி. கோபமாக வந்தால் சாய்வில்லாத ஸ்டூல்.