சுத்தக்கரண்டு அண்ணாச்சி

கரண்ட் போனால் மாவு மில்காரர் தலையில் கை வைப்பார், ஐஸ்கிரீம் கடைக்காரர் கண்ணீர் விடுவார். கரண்ட் போகப் போகிறது என்று தெரிந்து தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக் காத்திருந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பாளையங்கோட்டையில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்து ரசாயன லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவுக்கு அவர் சுத்தக்கரண்டு அண்ணாச்சி.

குடிபோன மறுநாள் காலையிலேயே எனக்கு முதல் அதிர்ச்சி. பல் தேய்த்துவிட்டு வருகிறேன், முன்பின் தெரியாத ஒருவர் என் அறையில் குனிந்து, செல்போன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறார். கையிலிருந்த சொம்பை ஓங்கிவிட்டேன்.

"பைய, பைய! திருட வரலவே. உம்ம சார்ஜரு கீழ என் பாட்டுக்குள்ள வந்து கொசு மாதிரி கத்துது. இதப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படிவே தூங்குதீரு?"

என்னதான் பாட்டு என்று கீழே போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அது அனுப்புவதைப் பாட்டாக மாற்ற ஒரு பெட்டி. ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். அவ்வளவுதான். ஆனால் இவற்றுக்குக் கரண்ட் ஊட்டும் பவர் சப்ளைகள் மட்டும் ஒரு இரட்டைக் கட்டிலை அடைத்துக்கொண்டு கிடந்தன. கட்டிலுக்கு உரிய தம்பதியர் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். என்ன குடும்பமடா இது என்று திகைத்துப் போனேன்.

"கம்ப்யூட்டரோட ஒரு அடாப்டர் வருதுல்லா, அது கரண்ட்ட நறுக்கி நறுக்கிப் போடுத பய. நறுக்குத சத்தம் பூரா பாட்டுல ஏறிரும். கனமா டிரான்ஸ்பார்மர் வச்ச பழைய மாதிரி சப்ளைதான் குடும்பத்துக்கு ஆகும். அதுலயும் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, பெட்டிக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வேணும். ஒரே இலைல ரெண்டு பேரு சாப்பிட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும் அண்ணாச்சி?"

"சண்டை வரும்லா!"

கரண்ட்டுக்குச் சொந்த ஊர் உண்டு என்பது அவர் கட்சி. பாபநாசம் அணையில் தண்ணீர் நிறைந்தால் பாட்டு இனிக்குமாம். காற்றாலைக் கரண்ட் வரும் ஆடி மாதத்தில் குரலெல்லாம் கரகரக்குமாம். வீட்டுப் பின்னால் எர்த் கம்பி புதைத்த குழிக்கு ஊற்ற, பாபநாசம் வரை பஸ்ஸில் போய்க் கேனில் தாமிரபரணித் தண்ணீர் பிடித்து வருவார். நம் குழாயில் வருவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தானே என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"குழாயில வந்தா அதுல மோட்டார் வாடை ஏறியிருக்கும்வே" என்றார், பச்சைப்பிள்ளைக்குச் சொல்வது போல.

அவர் மனைவியை நாங்கள் டீச்சரம்மா என்போம். அந்த வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. தேங்காயையும் மிளகாயையும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் அரைத்து வருவார். "எங்க வீட்டுத் தொவையலு தெருவச் சுத்திப் பாத்துட்டுத்தான் தட்டுக்கு வருது தம்பி" என்பார் சிரித்துக்கொண்டே.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்டபோது அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன் டீச்சரம்மா சர்ச் பாடகர் குழுவில் பாடியிருக்கிறார். மெட்டுக்குக் கீழே இழையும் இரண்டாவது குரல் அவருடையது. அந்தக் குழு பாடிய பழைய கேசட் ஒன்றை அண்ணாச்சி கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்.

"அன்னைக்குச் சர்ச்சுல அந்தக் குரலக் கேட்டுத்தாம்வே பொண்ணு கேக்க ஆளனுப்புனேன். பதினெட்டுப் பேரு பாடுதாங்க. அதுல இவ குரல மட்டும் ஒருதரம் பிரிச்சுக் கேட்டுரணும். ஒரு இரைச்சல் வந்து மறைக்குது. ரெண்டு வருசமா வளந்துக்கிட்டே வருது."

அந்த இரைச்சல் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தார். எந்த வீட்டில் எத்தனை பல்பு, யார் வீட்டு ஃபிரிட்ஜ் எப்போது உறுமும், யார் வீட்டில் இன்வர்ட்டர் என்று முழுத் தெருவும் அதில் இருந்தது. கரண்ட்டாபீஸிலேயே இவ்வளவு விவரம் இருந்திருக்காது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மின்தடை என்று ஒருநாள் பேப்பரில் வந்தது. அண்ணாச்சிக்குப் பண்டிகை. கரண்ட் போனதும் வெள்ளை வேட்டியோடு வீடு வீடாகப் போய், இன்வர்ட்டரை அணைக்கச் சொல்லிக் கும்பிட்டார்.

"புழுங்குதே அண்ணாச்சி!"

"நாலு நிமிசப் பாட்டு. இந்தாரும்" என்று அக்குளில் இடுக்கியிருந்த பனையோலை விசிறிகளில் ஒன்றை நீட்டினார். தெருவே அடங்கிப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

கீழே இரண்டு லாரி பேட்டரியில் எல்லாவற்றையும் இணைத்திருந்தார். நானும் டீச்சரம்மாவும் சாட்சி. பாட்டு தொடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை துல்லியமாக ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. அண்ணாச்சி கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது.

"இரைச்சல் கேக்குதாவே?"

"இல்லையே அண்ணாச்சி."

கம்ப்யூட்டரைக் கழற்றினார். பாட்டு நின்றது. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினார். ஸ்பேனரை எடுத்துப் பேட்டரி முனைகளையும் கழற்றினார். ஒரு வயர் இன்னொரு வயரைத் தொடவில்லை. தெருவில் ஒரு ஃபேன் ஓடவில்லை.

"இன்னும் கேக்குதே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது சொம்பை ஓங்க வைத்த அதிர்ச்சி இல்லை. இத்தனை நாளும் வீடு வீடாக அவர் தேடிய இரைச்சல் அவர் காதுக்குள்ளேயே இருந்திருக்கிறது. டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அண்ணாச்சி ஏற்கெனவே கழற்றிய பேட்டரி முனையையே மறுபடி ஸ்பேனரால் திருகிப் பார்த்தார். அதைப் பார்க்க முடியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அடடா, மறந்தே போயிட்டேன் அண்ணாச்சி! எங்க வீட்டு இன்வர்ட்டர அணைக்கவே இல்ல. அதான் கேக்குது!"

என்னையே பார்த்தார்.

"உம்ம வீட்டுல இன்வர்ட்டரே கெடையாதேவே."

அந்த நோட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டேன். அவர் ஸ்பேனரைப் பைய கீழே வைத்தார்.

"சரி" என்றார். "போயி அணச்சிட்டு வாரும்."

மாடிக்குப் போனேன். வெறும் சுவருக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பப் படியிறங்கும்போது பாட்டு கேட்டது. ஆனால் பெட்டிகள் கழற்றிய மேனிக்கே கிடந்தன. டீச்சரம்மா அவர் காதோடு குனிந்து, அந்த இரண்டாவது குரலை மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கண்ணைத் திறக்காமல் என்னிடம் சொன்னார்:

"இப்ப தேவலவே."

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். என் வீட்டில் நிஜமாகவே இன்வர்ட்டர் இருக்கிறது. மின்தடை நாளில் அதை அணைத்து வைத்துவிட்டு விசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். திட்டட்டும், அண்ணாச்சிக்குக் கேட்டுவிட்டால்?