அழுகண்ணியும் தண்ணீர் லாரியும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏதோ ஒரு பாறை இடுக்கில் புதிதாக ஒரு செடியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், உலகத்திலேயே நாற்பத்துச் சொச்சம் செடிகள்தான் மிச்சம், அழிவின் விளிம்பில் நிற்கும் அபூர்வ மூலிகை என்று ஒரு நாளிதழ் எழுதியது. எழுதிய மை காய்வதற்குள் தாம்பரத்துக்குக் கிழக்கே மங்களா நகரில் அது கஷாயமாக, சூரணமாக, தாயத்தாக, வாசலில் கட்டும் முடிச்சாகக் கிடைக்க ஆரம்பித்தது. காட்டில் கிடைக்காத சரக்கு நகரில் தாராளமாகக் கிடைத்தால் மனிதனுக்குச் சந்தேகம் வரவேண்டும். மங்களா நகருக்கு வந்தது வரிசை.

அந்த வரிசையை ஒழுங்கு செய்தவர் ஸ்ரீரங்கன். அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நகர் நலச் சங்கத்தின் செயலாளர். எங்கேயாவது ஒரு வரிசை கோணலாக நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. அது எங்கே போகிறது என்று கேட்பது மட்டும் அவர் துறை அல்ல.

வரிசை போய் முடிந்த இடம் சங்கக் கட்டடத்தின் பின்னறை. அங்கே வீற்றிருந்தவர் பொதிகைச் சித்தர் ஜெயவேலு சுவாமிகள். பன்னிரண்டு ஆண்டுகள் மலையில் தவம் இருந்தவர். அதே பன்னிரண்டு ஆண்டுகளும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்சி விற்றவர் அச்சு அசல் அவர் ஜாடை என்று சிலர் முணுமுணுத்தார்கள். சித்தர்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பார்கள் என்பது தெரியாத அஞ்ஞானிகள்!

நாளிதழ் போட்டிருந்த பெயர் வாயில் நுழையாததால் மூலிகைக்கு அழுகண்ணி என்று சுவாமிகளே பெயர் சூட்டியிருந்தார். தொட்டிக்குப் பட்டுத்துணி, செடிக்குப் பட்டுத்துணி, அதற்கு மேல் மல்லிகைச் சரம். வெளியே தெரிவது ஒரே ஒரு இலையின் நுனி. முழுதாகப் பார்த்தால் கண் போய்விடுமாம். மாலையில் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்வார்கள். பிறகு பெரிய பித்தளை அண்டாவைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள். விடிகாலையில் அண்டாவைத் தூக்கினால் இலை நுனியில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர்! பக்தர்களின் துயரம் கேட்டு மூலிகை அழுகிறது. அந்தக் கண்ணீர் ஒரு சொட்டு நாக்கில் பட்டால் சர்க்கரை நோய் போகும், கடன் போகும், மருமகள் வழிக்கு வருவாள். சொட்டு கிடைக்காதவர்களுக்கு இலைக் கஷாயம்.

கஷாயம் குடித்தால் தொண்டை அரித்தது. "அரிக்கிறதா? வினை கிளம்புகிறது" என்றார் சுவாமிகள்.

ஸ்ரீரங்கனுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையும் மூலிகையும் ஒரே உடம்பில் இருந்தால் மூலிகைக்குக் கோபம் வரும் என்று சுவாமிகள் சொன்னதும் மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். இடது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்று இருந்தது. அது ஆறாமல் அகலமாகிக்கொண்டு போனது.

"தொண்டை அரிக்குதுங்கறீங்க. வேகாத சேப்பங்கிழங்கைத் தின்னாத்தான் அப்படி அரிக்கும்" என்றாள் மனைவி லோகநாயகி. "கால் வேற வாடை அடிக்குது. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

"உனக்கு எதைச் சொன்னாலும் சமையல்தான். மூலிகையே எனக்காக அழுதுட்டிருக்கு, டாக்டர் எதுக்கு?"

"மூலிகை அழறது இருக்கட்டும். நான் அழறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. கண்ணீரென்றால் இலையில் வந்தால்தான் அவருக்கு மரியாதை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாளிதழில் வந்த செடியைக் கண்டுபிடித்த குழுவில் ஒருத்தி அவர் வீட்டு மாடியிலேயே குடியிருந்தாள். பெயர் தேவதர்ஷினி, கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. மழைக்காலம்தோறும் அட்டைகளுக்கு ரத்ததானம் செய்து, அந்தச் செடியின் இலை, பூ, விதை, வேர் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து விவரித்து எழுதியவள்.

"சார், அது என் விரல் உயரம்தான் இருக்கும். இலைக்கு அடியில ஊதா, மேல பூனை மயிர் மாதிரி ரோமம். ஈரப் பாறையில ஒட்டி வளரும். தொட்டியில வெச்சா செத்துடும். சாமியோடது இடுப்பு உயரம் நிக்குதே, எப்படி?"

ஸ்ரீரங்கன் இதைக் கொண்டுபோய்ச் சுவாமிகளிடம் கேட்டார். சுவாமிகள் கண்ணை மூடித் திறந்தார். "அந்தப் பெண் பார்த்தது குழந்தையை. இது தாய்." ஸ்ரீரங்கனுக்குப் புல்லரித்தது. விஞ்ஞானத்துக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்?

மே மாதம் வந்தது. வழக்கம்போல் மங்களா நகரின் கிணறுகள் வற்றின. வழக்கம்போல் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். வழக்கம்போல் லாரி வரவில்லை. குடிக்கவே கேன் வாங்கும் வீட்டில் அபிஷேகத்துக்குக் குடம் ஏது? மறுநாள் காலை அண்டாவைத் தூக்கினார்கள். இலை நுனி காய்ந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கூட்டம் கலவரப்பட்டது.

சுவாமிகள் அசரவில்லை. "மூலிகையைச் சந்தேகித்த பாவி ஒருத்தி இந்த நகரில் இருக்கிறாள். அவள் காலி செய்யும்வரை அழுகண்ணி அழாது" என்றார். அத்தனை தலைகளும் ஸ்ரீரங்கன் பக்கம் திரும்பின.

அவர் காலை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். வாடகையைச் சரியாகக் கொடுக்கிற பெண், அவருக்கும் தயக்கம்தான். விஷயத்தை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். தேவதர்ஷினி அவர் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"லாரி வராத நாள்லதான் அழுகை நின்னுச்சு, கவனிச்சீங்களா சார்?"

"அது... தற்செயல்."

"சரி. ஒரே ஒரு சோதனை. ஏரிக்கரையிலேருந்து நான் ஒரு செடி கொண்டுவந்து சாமி செடிக்குப் பக்கத்துல வைக்கறேன். என் கேன் தண்ணியை என் செடிக்கு மட்டும் ஊத்தறேன். ரெண்டையும் மூடிடுவோம், அறையைப் பூட்டிடுவோம், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். சாமி செடி மட்டும் அழுதா நான் வீட்டைக் காலி பண்றேன். என் செடி மட்டும் அழுதா நீங்க என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

இதையே அவள் பின்னறைக்கு வந்து கூட்டத்துக்கு நடுவில் கேட்டதால் சுவாமிகளால் மறுக்க முடியவில்லை. "அபிஷேகம் நம் திருப்திக்கு. கருணையால் அழுகிற செடிக்குத் தண்ணீர் எதற்கு?" என்று அவரே பலமுறை உபதேசம் செய்திருந்தார். தன் வாயே தனக்கு எமன் என்பது இதுதான்.

விடிந்தது. ஸ்ரீரங்கன் பூட்டைத் திறந்தார். மங்களா நகரே வாசலில் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. முதலில் பித்தளை அண்டாவைத் தூக்கினார். பட்டுக்குள்ளிருந்து நீண்ட நுனி கருகித் தொங்கியது. அடுத்து பிளாஸ்டிக் பக்கெட்டைத் தூக்கினார். பட்டும் இல்லாத பூவும் இல்லாத அந்த ஏரிக்கரைச் செடியின் ஒவ்வொரு இலை நுனியிலும் சொட்டு! பொலபொலவென்று ஊற்றிக்கொண்டிருந்தது.

"வேர் நிறையத் தண்ணி குடிச்சா, மூடிவெச்ச இடத்துல மிச்சத்தை இலை நுனி வழியா வெளியே விடும். அவ்வளவுதான்" என்றாள் தேவதர்ஷினி.

யார் கேட்டார்கள்? "இதுதான் நிஜ அழுகண்ணி!" என்று ஒருவர் கத்தினார். அடுத்த கணம் கூட்டம் கரண்டியும் கையுமாக அவள் செடிமேல் பாய்ந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் சிலர். ஸ்ரீரங்கனும் பழக்க தோஷத்தில், "வரிசையா வாங்க, வரிசையா வாங்க!" என்றார்.

லோகநாயகிக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து சுவாமிகளின் செடிமேலிருந்த பட்டுத்துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். இரண்டு தொட்டியிலும் ஒரே மாதிரி இலை. சுவாமிகளின் தொட்டியில் கையை விட்டு மண்ணைக் கிளறினாள், ஒரு கிழங்கைப் பிடுங்கித் தூக்கிப் பிடித்தாள்.

"கண்ணைத் திறந்து பாருங்க. சேப்பங்கிழங்கு! ஞாயித்துக்கிழமை ரோஸ்ட் பண்ணித் தின்னு ஏப்பம் விட்டீங்களே, அதேதான்! இதோட இலையைப் பச்சையா அரைச்சுக் குடிச்சா அரிக்காம என்ன பண்ணும்?"

மங்களா நகர்வாசிகள் கழுத்தை நீட்டிக் கிழங்கைப் பார்த்தார்கள். கிழங்கைக் கிலோக் கணக்கில் தெரியும், இலையோடு யாரும் பார்த்ததில்லை. பொதிகைத் தமிழ் பேசிய சுவாமிகளுக்கு அந்தக் கணத்தில் பம்மல் தமிழ் திரும்பி வந்தது.

"இன்னா மேடம் இது, நான் பாட்டுக்கு என் பொயப்பைப் பாத்துகினு கீறேன், வூடு பூந்து பேஜார் பண்றீங்க! நானா இட்டுகினு வந்தேன் இவங்கள? இவங்களே வந்தாங்கோ, இவங்களே லைன் கட்னாங்கோ, இவங்களே தண்ணி ஊத்னாங்கோ. நான் துணி மட்டும்தான் போத்னேன்!"

அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். அதற்குத்தான் அடிக்க வந்தார்கள். சுவாமிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தொற்றினார்.

ஆஸ்பத்திரியில் கால் தப்பியது, பெருவிரல் தப்பவில்லை. கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஸ்ரீரங்கன், பார்க்க வந்த தேவதர்ஷினியிடம் மெதுவாகக் கேட்டார்:

"அது போகட்டும்மா. காட்டுல நீ கண்டுபிடிச்ச நிஜச் செடி எந்த வியாதியைக் குணப்படுத்தும்?"

விரல் போனாலும் ஆசை போகவில்லை பாருங்கள்!

"எதையும் குணப்படுத்தும்னு தெரியலை சார். அது பாட்டுக்கு அங்க வாழுது."

"ஒரு பிரயோஜனமும் இல்லாததை எதுக்குக் காப்பாத்தணும்?"

"நீங்க எந்த வியாதியைக் குணப்படுத்தறீங்க சார்? உங்களைக் காப்பாத்தலையா?"

ஸ்ரீரங்கன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் லோகநாயகி மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். வாங்கிப் போட்டுக்கொண்டார். தொண்டை அரிக்கவில்லை.

நிஜச் செடி இன்னும் அந்தப் பாறையில்தான் இருக்கிறது. நாற்பத்துச் சொச்சம். மங்களா நகரில் அதைவிட அபூர்வமாகிவிட்ட ஒன்று தலைக்கு ஒன்று வீதம், இரண்டு காதுகளுக்கு நடுவே உண்டு. அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பட்டுத்துணி போர்த்தாமல் இருந்தால் போதும்.