துணைக்கு வந்தவள் குடித்த மருந்து

எதையும் நம்பாதவளுக்குத் தூக்கம் கம்மி, வேலை ஜாஸ்தி. நான் அந்த ரகம். கடையில் தராசு முள்ளைப் பார்க்க மாட்டேன். தராசு பிடிக்கிறவன் சுண்டு விரலைப் பார்ப்பேன். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. சந்தேகத்தில்தான் மேல்படிப்பு.

இரண்டாவது பிள்ளைக்குத் தலை பெரிசு. (அப்பன் தலை.) பிரசவத்தில் எனக்குப் பின்பக்கம் வரை கிழிந்துவிட்டது. தையல் போட்டு அனுப்பினார்கள். அதற்கப்புறம் வெளிக்கு வந்தால் அடக்க முடியவில்லை. காற்றும் அப்படியே. நாற்று நடக் குனிந்தால் போச்சு.

களமருதூர்ப் பக்கம் நடவுக்குக் கும்பலாகப் போவோம். நான் நின்றுவிட்டேன். இடுப்பு வலி என்று சொல்லி வைத்தேன். "மகாராணிக்கு இடுப்பு வலியாம்" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கழனிக்குப் போகாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

முதலில் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. "கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா. அதான் ரெண்டு பிள்ளைங்க இருக்கே" என்றார் டாக்டர்.

தொந்தரவு பின்னால். எடுப்பது முன்னாலா? எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து கவர்மென்ட் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டரம்மா. நன்றாகச் சோதித்துப் பார்த்தார்.

"கர்ப்பப்பை நல்லா இருக்கும்மா. அதை ஏன் எடுக்கணும்? ஆசனவாயைச் சுத்தி இருக்கிற தசைதான் கிழிஞ்சிருக்கு. சுருக்குப் பையில கயிறு அறுந்த மாதிரி. முதல்ல இறுக்கிப் பிடிச்சு விடுற பயிற்சி செய். போதலன்னா தைக்கலாம். ஆனா தையல் எல்லாருக்கும் முழுசா நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

சந்தேகம் இரட்டிப்பானது. தன் கத்திரிக்காயைச் சொத்தை என்று சொல்லி விற்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. ஒருவர் எடு என்கிறார். ஒருவர் தை என்கிறார். யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார். ஒருவேளை இரண்டு பேருமேவா?

பயிற்சி செய்தேன். அடுப்படியில் நின்று இறுக்கிப் பிடிப்பேன். "இன்னா, மூஞ்சிய இப்டி வச்சிக்கினு கீற? சண்டையா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கொஞ்சம் தேவலை. நடவு நடுகிற அளவுக்குத் தேவலை இல்லை. சரி, தைத்துக்கொள்கிறேன் என்றேன்.

துணைக்கு நாத்தனார் செல்லம்மா வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, பக்கத்து வீடு. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று.

"அண்ணி, தையலைத் தவிர வேற இன்னா பண்ணாலும் கத்துங்க."

"நான் கத்துனா கரியாலூர் மலைக்கே கேக்கும். நீ சும்மா படு."

ஆபரேஷனுக்கு முதல் நாள். நர்ஸ் ஒரு ஜக்கில் தண்ணீர் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். ஏதோ சொன்னாள். "கொஞ்சம் கொஞ்சமா குடிச்சி முடிச்சிடுங்க" என்றது மட்டும் காதில் விழுந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மலையிலிருந்து வேர் மருந்து கொண்டு வருகிறவர், நம் முன்னாலேயே ஒரு மடக்கு குடித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். அப்போதுதான் நாம் வாங்குவோம்.

"நீங்க ஒரு மடக்கு குடிங்க சிஸ்டர்."

"நான் எதுக்கும்மா குடிக்கணும்?"

"குடிக்க மாட்டீங்களா?"

"ஐயோ, மாட்டேன்!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அண்ணியைப் பார்த்தேன். அண்ணி ஜக்கைப் பார்த்தார்.

"எங்கிட்ட குடு. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீ குடி."

"ஒரு மடக்கு போதும் அண்ணி."

"ஒரு மடக்குல இன்னாடி தெரியும்?"

பஸ்ஸில் வந்த தாகம் வேறு. "உப்பும் எலுமிச்சம்பழமுமா நல்லாத்தான் கீது" என்று சொல்லிச் சொல்லியே ஜக்கைக் காலி செய்துவிட்டார்.

கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். பேச்சு நடுவில் நின்றது. அண்ணி வயிற்றைப் பிடித்தார். எழுந்தார். கக்கூஸ் வராந்தாக் கடைசியில் இருந்தது. பாதி வழி கூடப் போகவில்லை. புடவையோடு சுவரைப் பிடித்து நின்றுவிட்டார்.

"விஷம்! விஷத்தைக் குடுத்து எங்க அண்ணியைக் கொன்னுட்டாங்க!" என்று அலறினேன். கத்தச் சொன்னது அவரை. கத்தியது நான். வார்டில் அவரவர் கையிலிருந்த மருந்தை, டீயை, கஞ்சியை எல்லாம் கீழே கொட்டினார்கள். ஒரு அம்மா ஆபரேஷன் தையலோடு கட்டிலை விட்டு இறங்கி வாசல் வரை போய்விட்டாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "அது பேதி மருந்தும்மா! வயித்தைச் சுத்தம் பண்ணத்தானே குடுத்தேன்!"

"அத்த முன்னாடியே சொன்னா இன்னா?"

"சொன்னேனே!"

(சொல்லியிருப்பாள். நான் அப்போது அவள் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

டாக்டரம்மா வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் ஆபரேஷன் இல்லை என்றார்.

என் மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனேன். உள்ளே அண்ணி அழுதுகொண்டிருந்தார். பெற்ற அப்பன் செத்தபோது கூட அழாதவர்.

"மருந்து அப்டி அண்ணி. யாரா இருந்தாலும் ஆவும்."

"மருந்து குடிக்காட்டியும் எனக்கு இப்டித்தான்டி."

"எப்பலருந்து?"

"பெரியவன் பொறந்ததுலருந்து."

பெரியவனுக்கு அப்போது மீசை முளைத்திருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. தராசுக்காரனைச் சந்தேகப்பட்டேன், டாக்டரைச் சந்தேகப்பட்டேன். கல்யாணத்துக்குப் போனால் பந்திக்கு உட்காராமலே திரும்புகிற இவரைச் சந்தேகப்படவில்லை. கர்வம் என்று நினைத்திருந்தேன். என்னை மற்றவர்கள் நினைத்த மாதிரி.

கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். "இவங்களையும் பாருங்க."

அண்ணி என் காதில், "கர்ப்பப்பைய எடுத்துடுவாங்களாடி?" என்றார்.

"எடுக்க மாட்டாங்க. நான் கீறன் இல்ல?"

துணைக்கு வந்தவருக்கும் சீட்டு எழுதினார்கள். அடுத்த வாரம் எனக்குத் தைத்தார்கள். ஜக்கை நானே குடித்தேன். அண்ணிக்குப் பயிற்சியிலேயே பாதிக்கு மேல் சரியானது. எனக்குத் தையல் நின்றது. சிரித்தால் மட்டும் காற்று போகும். நான் அதிகம் சிரிக்கிறவள் இல்லை. தை நடவுக்குக் கழனியில் இறங்கினேன்.

இப்போதும் சொந்தத்தில் யார் வீட்டில் ஜூஸ் கொடுத்தாலும் முதல் டம்ளர் அண்ணிக்குத்தான். "நீங்க குடிச்சிக் காட்டுங்க" என்பார்கள். அவர் அதைக் கண்டுகொள்வதில்லை. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. குடும்பத்தில் எவள் பிள்ளை பெற்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். பிள்ளை யார் ஜாடை என்று பார்க்க மாட்டார்.

போன மாதம் என் மகளுக்குப் பிரசவம். சம்பந்தி வீட்டார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு சுற்றி நின்றார்கள். அண்ணி நேராகக் கட்டிலுக்குப் போனார்.

"அடக்க முடியுதாடி?"

சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகன் தரையைப் பார்த்தார்.

"முடியுது அத்தை" என்றாள் மகள், மருமகனைப் பார்த்துக்கொண்டே.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மகள் முகத்தைப் பார்த்தேன். மருமகனையும் சம்பந்தி வீட்டாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.